டார்ன்: தைப்பதா, திட்டுவதா?

அடுத்த கேள்வி. ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: “ஆங்கிலத்தில் ‘டார்ன்’ என்றால் கிழிந்த துணியை இழையோட்டிச் சரிசெய்வது என்று அகராதியில் இருக்கிறது. அமெரிக்கர்கள் எரிச்சல் வந்தால் ‘டார்ன் இட்’ என்கிறார்கள். தைக்கும்போது விரலில் ஊசி குத்தியவர்கள் கத்தியதுதான் திட்டாக மாறியதாமே, உண்மையா?”

இல்லை. யாரோ உட்கார்ந்து கட்டிய கதை. இவை இரண்டு தனித்தனிச் சொற்கள். எழுத்தும் ஒலியும் ஒன்றாக அமைந்துவிட்டன.

துணிக்கான சொல்தான் மூத்தது. 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்தில் வருகிறது. ஓட்டை விழுந்த காலுறையை முட்டை வடிவ மரக்கட்டையின் மேல் இழுத்து மாட்டுவார்கள். ஓட்டையின் மேலே நெடுக்கில் வரிசையாக நூல் ஓட்டுவார்கள். பிறகு பாவுக்குள் ஊடை போவதைப் போல, குறுக்கு நூலை ஒன்றுக்கு மேலும் ஒன்றுக்குக் கீழுமாகக் கோத்து வருவார்கள். ஒட்டுப்போடுவது வேறு, அதற்கு இன்னொரு துணி வேண்டும். இதில் ஓட்டை இருந்த இடத்திலேயே புதிதாக நெய்கிறோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் துணிக்கும் ரேஷன் வந்தது. 1943-இல் அரசாங்கமே கையேடு அச்சிட்டு, பழைய துணியைப் பழுதுபார்த்து உடுத்தச் சொன்னது.

சொல் எங்கிருந்து வந்தது? பிரான்சின் பிரெத்தோன் மொழியில் ‘டார்ன்’ என்றால் துண்டு. அது பிரெஞ்சு வழியாக வந்தது என்பது ஒரு கருத்து. ‘மறைத்தல்’ என்ற பொருளுள்ள பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது என்பது இன்னொன்று. ஓட்டையை மறைப்பதுதானே, அழகாகப் பொருந்துகிறது! இப்படி அழகாகப் பொருந்தினாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். முதல் கருத்தையே நான் நம்புகிறேன்.

இனி திட்டு. இது 1780-களில் அமெரிக்காவில் தலைகாட்டுகிறது. ‘டாம்’ என்ற வசவுக்குக் கடவுள் உன்னை நரகத்துக்கு அனுப்பட்டும் என்று பொருள். நியூ இங்கிலாந்துப் பகுதியில் பக்தி அதிகம். அங்கே அப்படிச் சபிப்பது தண்டனைக்குரிய குற்றமாகவே இருந்தது. ஆனால் கோபம் சட்டத்தைக் கேட்டா வருகிறது? வாயில் வந்த வசவின் வாலை மட்டும் மாற்றிச் சொல்லித் தப்பித்தார்கள். ‘ஹெல்’ என்பதற்கு ‘ஹெக்’, ‘காட்’ என்பதற்கு ‘காஷ்’ என்பதெல்லாம் இதே தந்திரம்தான்.

‘டாம்’ என்பதில் ‘ர்’ எப்படி நுழைந்தது? நித்தியமானவர் மேல் ஆணை என்று சத்தியம் செய்யும்போது ‘இடர்னல்’ என்ற சொல்லைச் சுருக்கி ‘டார்னல்’ என்பார்கள். அதன் சாயல் இதில் ஒட்டியிருக்கலாம். ‘எர்’ என்பது ‘ஆர்’ ஆவது ஆங்கிலத்தில் புதிதல்ல. யுனிவர்சிட்டி ‘வார்சிட்டி’ ஆனது இப்படித்தான். நம் அலுவலகங்களில் ‘கிளார்க்’ என்கிறோமே, அதன் எழுத்தைக் கூட்டிப் படித்தால் ‘கிளெர்க்’ என்றுதான் வரும். அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டர் 1789-இல் ‘டார்ன்’ என்ற இந்தத் திட்டைக் கவனித்து, ‘டெர்ன்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லோடு முடிச்சுப் போட்டார். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை.

அதே நேயர், இதைப் பேச்சில் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார். நண்பர்களிடம் தாராளமாகச் சொல்லலாம், குழந்தைகள் எதிரிலும் சொல்லலாம். கொஞ்சம் பழைய வாசனை அடிக்கும், அவ்வளவுதான். ‘டார்ன் குட்’ என்றால் திட்டே இல்லை, மிகவும் நன்று என்ற பாராட்டு. ‘டார்ன்டு சாக்ஸ்’ என்றால் மட்டும் இழையோட்டிய காலுறையா, பாழாய்ப்போன காலுறையா என்பதைச் சொல்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.