புளியமரம் ஏறியவர்கள்

(வியாசர்பாடியில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியது)

தலைவர் அவர்களே, தாமதமாக வந்த எனக்கும் முகம் கோணாமல் துண்டு போர்த்திய வட்டச் செயலாளர் அவர்களே, வாடகை வாங்காமல் நாற்காலி கொடுத்த பந்தல்காரர் அவர்களே, மைக் செட் தம்பி, முன்வரிசைத் தாய்மார்களே, வணக்கம்.

அசுர ராஜாவும் ரத்தம் குடிக்கும் இளவரசனும் நாயகனாக வரும் காதல் தொடர்களை நம் வீட்டுப் பெண்கள் நடுராத்திரி வரை போனில் படிக்கிறார்களாம். கெட்டுப்போவார்களா என்று கேட்டு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன்: நம் பழைய கதை, வெளிநாட்டுக் கதை, இன்றைய தொடர்கதை.

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். இப்படிப் பழமொழி வைத்திருக்கிற நமக்கு இருட்டுக் காதலை யாரும் கப்பலில் கொண்டுவந்து இறக்க வேண்டியதில்லை.

குண்டலகேசியை எடுத்துக்கொள்ளுங்கள். கொலைக்களத்துக்கு இழுத்துப்போகும் கள்வனைப் பார்த்து, அவன்தான் வேண்டும் என்று கட்டிக்கொள்கிறாள் பத்திரை. ஒருநாள் ஊடலில், "நீ கள்வன்தானே" என்று வாய் தவறிவிட்டது. மலையுச்சிக்குக் கூட்டிப்போய்க் கொல்லப் பார்க்கிறான். சாகும் முன் உங்களை வலம் வருகிறேன் என்று பின்னால் போனவள், அவனையே தள்ளிவிட்டாள். மரம் ஏறியவளுக்கு இறங்கவும் தெரிந்திருக்கிறது!

பழையனூர் நீலி இன்னும் கிட்டத்தில். இங்கே ஜீவா ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினால் திருவாலங்காடு. தன்னைக் கொன்ற கணவனைத் தேடி மறுபிறவியிலும் வந்து, கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரார் முன்னால் அழுதவள். வணிகனாகப் பிறந்திருந்த அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைத்து வாக்குக் கொடுத்த வேளாளர் 70 பேர், நீலி அவனைக் கொன்றதும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை.

எங்கள் ஆயா இதைச் சொல்லித்தான் சோறு ஊட்டும். பதினேழு வயதில் நானும் சிநேகிதனும் அந்த ஊரைப் பார்க்கக் கிளம்பினோம். "இருட்டினப்புறம் கைப்பிள்ளைக்காரி எவளாவது பேச்சுக் கொடுத்தா வாயைத் தொறக்காதே" என்று ஆயா எச்சரித்தது. திரும்பும்போது வண்டியில் கூட்டமே இல்லை. எதிர் சீட்டில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. "தம்பி, மணி என்ன?" என்றார். அவ்வளவுதான், திருவள்ளூரில் குதித்துவிட்டோம். செருப்பு ஒன்று வண்டியோடு போயிற்று. அடுத்த வண்டி பிடித்து வீடு வந்தால், அதே பெண் எங்கள் வாசலில் நிற்கிறார், கையில் என் செருப்பு! அடுத்த தெரு மளிகைக்காரர் மனைவி. "பையனுக்கு உடம்பு சரியில்லையாக்கா?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

சரி, வெளிநாட்டுக்கு வருவோம். டிராகுலா 1897இல் வந்தது. அதற்கு 25 வருஷம் முன்பே ஓர் அயர்லாந்துக்காரர், பெண்ணை விரும்பும் பெண் ரத்தக்காட்டேரியின் கதையை... தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், விட்டுவிடுகிறேன்.

தொடர்கதை படிக்கிற பெண் எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்று பார்த்தீர்களா? ஒற்றை அறை வீடு, உள்ளே டிவி. மாடிப்படியில் தெருவிளக்கு வெளிச்சத்தில், கொசுவை அடித்துக்கொண்டு படிக்கிறாள். துணிக்கடை வேலை முடிந்து அவள் எட்டு மணிக்கு வருகிறாள். நம் கிளை நூலகத்தை அதற்குள் பூட்டிவிடுகிறார்கள். பகலில் போனாலும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. பேய்க்கு வாழ்க்கைப்பட்டவளுக்காவது ஏற ஒரு புளியமரம் இருந்தது. இவளுக்கு அதுவும் இல்லை. இரவு ஒன்பது மணி வரை நூலகம் திறந்திருக்க வேண்டும், கழிப்பறை கட்ட வேண்டும். இதற்குத்தான் மூன்று வருஷமாக அலைகிறேன்.

மனு பின்னால் டீ கேன் பக்கத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடியுங்கள். பேனாவை நூலால் கட்டிவைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் மூன்று பேனா காணாமல் போனது.