தாளில் கறை, குப்பியில் அமிலம்

அவையோருக்கு வணக்கம்.

1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனை மூடிய புகைப்பனியில் ஏறத்தாழ 4000 பேர் இறந்தார்கள் என்பது அன்றைய கணக்கு. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. சட்டம் போட்டாயிற்று; புகை குறைந்ததா என்று யார் பார்ப்பது? அதற்காகத்தான் 1961இல் பிரிட்டனில் நாடு தழுவிய புகை, கந்தக டை ஆக்சைடு அளவீடு தொடங்கியது. ஒருங்கிணைத்தது வாரன் ஸ்பிரிங் என்னும் அரசு ஆய்வகம். பெரும்பாலும் உள்ளாட்சி ஊழியர்களே கருவியைக் கவனித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள்!

கருவி என்றால் பெரிதாக எண்ணிவிடாதீர்கள். கவிழ்த்த புனல், குழாய், வடிதாளை இறுக்கிப் பிடிக்கும் பற்றி, கரைசல் குப்பி, எரிவாயு மீட்டர், கடைசியில் பம்பு. ஒரு நாளைக்குச் சுமார் 2 கன மீட்டர் காற்று. வாட்மன் 1 என்ற வகை வடிதாளில் புகை படியும். குப்பியிலுள்ள நீர்த்த ஹைட்ரஜன் பெராக்சைடில் கந்தக டை ஆக்சைடு கந்தக அமிலமாகும். தாள் முதலில், குப்பி பிறகு. மாற்றினால் குப்பியே புகையில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும்.

அமிலத்தை 0.004 நார்மல் (செறிவின் அலகு) போராக்ஸ் காரக் கரைசலால் தரம்பார்க்க வேண்டும்; அதாவது, சிறுகச் சிறுகச் சேர்த்து, அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு செலவாகிறது என்று அளக்க வேண்டும். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 4.5இல் நிறுத்துங்கள், அதற்கு மேலே போனால் காற்றின் கரியமில வாயுவும் கணக்கில் புகுந்துவிடும். செலவான மில்லிலிட்டரை 128ஆல் பெருக்கிக் இழுத்த காற்றின் கன மீட்டரால் வகுத்தால், ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை மைக்ரோகிராம் கந்தக டை ஆக்சைடு என்று விடை வரும். 5 மில்லி, 2 கன மீட்டர் என்றால் 320.

எங்கே தவறும்? பற்றி சரியாக இறுகாவிட்டால் அறைக்காற்று உள்ளே வரும். மீட்டர் அதையும் சேர்த்து எண்ணும், இரண்டு அளவும் குறைந்து காட்டும். கறையின் ஓரம் மங்கலாக இருந்தால் அதுதான் காரணம். மீட்டருக்கும் பம்புக்கும் இடையே கசிந்தாலோ கணக்கு கெடாது. அம்மோனியா இன்னொரு தொல்லை. அமிலத்தை அது நடுநிலையாக்கிவிடுவதால், மாட்டுத்தொழுவம் பக்கத்தில் இருந்தால் காற்று பொய்யாகச் சுத்தமாகும். உண்மையில் அளப்பது கந்தக டை ஆக்சைடை அல்ல, மிச்ச அமிலத்தை.

இனி புகை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தாளை எடைபோடுவதில்லை. திரும்பும் ஒளியை அளக்கும் ரிஃப்லெக்டோமீட்டரை வெற்றுத் தாளில் 100க்கு வைத்து, கறை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்று பார்ப்பார்கள். 40க்கும் 90க்கும் இடையில் வந்தால் நம்பலாம்; 40க்குக் கீழே போனால் கறை மிகக் கருப்பு, அகலமான பற்றி மாட்ட வேண்டும். அந்த எண்ணை ஒரு பொது வளைகோடு மைக்ரோகிராமாக மாற்றுகிறது. பிரிட்டிஷ் வளைகோடு தரும் எண், ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பின் வளைகோடு தருவதில் 0.85 பங்குதான். அதே தாள், அதே கறை! எந்த வளைகோடு என்று சொல்லாமல் இரு நாட்டை ஒப்பிடுவது வீண்வேலை.

வளைகோடு நிலக்கரிப் புகைக்காக வரைந்தது. டீசல் கரியோ, எடைக்கு எடை அதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு கருப்பு. அடுப்பு நிலக்கரி போய் லாரி வந்த தெருவில், தாள் சொன்ன மைக்ரோகிராம் காற்றில் இருந்த எடையே அல்ல. ஆனாலும் நாடு முழுவதும் ஒரே தாள், ஒரே கரைசல், ஒரே வளைகோடு. இந்த ஊரைவிட அந்த ஊர் கருப்பு, சென்ற குளிர்காலத்தைவிட இது வெளுப்பு என்று துணிந்து சொல்ல முடிந்தது அதனால்தான்.