"ரெண்டு நாள் தண்ணி எதுக்கு?"

வணக்கம் மக்களே! இன்னைக்கு கொஞ்சம் கடுப்போடதான் கேமராவ ஆன் பண்ணிருக்கேன். இந்த வாரம் மட்டும் மூணு வீட்டுல அதே கேள்வி: "பாத்ரூம்ல வாட்டர்ப்ரூஃப் அடிச்சாச்சு, மேல டைல்ஸ் வரப்போகுது. நடுவுல எதுக்கு ரெண்டு நாள் தண்ணி கட்டணும்? கூலி ஏத்தவா?"

ஏங்க, தண்ணி நிக்குற 48 மணி நேரமும் அங்க ஆளே கிடையாது. கூலி எங்கருந்து ஏறும்?

டைல்ஸ் தண்ணிய நிறுத்தும்னு நினைச்சுக்கிறாங்க. நிறுத்தாது. டைல்ஸ் இடுக்குல அடைக்கிற சிமென்ட் குரௌட் வழியா ஈரம் கீழ இறங்கிட்டேதான் இருக்கும். தடுக்குறது கீழ அடிச்ச அந்த ரெண்டு கோட்டு வாட்டர்ப்ரூஃப் மட்டும்தான். செங்கல் ஜல்லி போட்டு சங்கன, அதாவது பாத்ரூமுக்காக பள்ளமா இறக்கி போட்ட ஸ்லாப்ப, மூடிட்டா அப்புறம் அத பாக்கவே முடியாது. அதுக்கு முன்னாடியே தண்ணி கட்டி கசியுதான்னு பாத்துடணும்.

சங்கன்ல தேங்குற தண்ணி வெளிய போக ஸ்லாப் மட்டத்துல ஒரு சின்ன பைப் விட்டிருப்போம்ல, மொதல்ல அத ரப்பர் பிளக் போட்டு அடைங்க. சாக்குத்துணி திணிக்கிறது எனக்கு சுத்தமா ஆகாது. அது கசிஞ்சா மட்டம் இறங்கும், நல்ல கோட்டிங்க சந்தேகப்பட்டு உக்காந்திருப்பீங்க. அப்புறம் ரெண்டு இன்ச் தண்ணி, செவுத்துல பென்சில் கோடு.

பக்கத்துலயே வாய் அகலமான டப்புல தண்ணி ஊத்தி, அதுலயும் கோடு போடுங்க. ரெண்டும் ஒரே அளவு இறங்குனா ஆவியா போயிருக்கு. பாத்ரூம் மட்டும் கூட இறங்குனா கசிவு. எவ்ளோ அழகான சோதனை! காசும் கிடையாது.

தண்ணிக் காசாம்! அதையும் கேட்டாங்க. அஞ்சுக்கு ஏழு பாத்ரூம், 35 சதுர அடி, ரெண்டு இன்ச் உயரம்: சுமார் 165 லிட்டர். 20 லிட்டர் கேன் எட்டேகால். 12,000 லிட்டர் லாரில நூத்துல ஒன்றரை பங்கு கூட வராது. இதுக்கா மூஞ்சத் தூக்குறது?

ஐயோ, முக்கியமானத விட்டுட்டேன். கோட்டிங் அடிச்ச அன்னைக்கே தண்ணி விடாதீங்க! டப்பாவுல எத்தன நாள் காயணும்னு போட்டிருக்கும், அது முடியட்டும். அடிக்கும்போதும் மொத கோட்டு இப்டின்னா ரெண்டாவது கோட்டு குறுக்க. கோட்டிங்குக்கு முன்னாடியே தரையும் செவுரும் சேர்ற மூலைல வாட்டா போட்டு, அதாவது கலவைய பூசி, வளைச்சு விடணும், செங்குத்தா விட்டா அங்கதான் வெடிப்பு விழும். செவுத்துல ஒரு அடியாவது ஏத்துங்க, ஷவர் பக்கம் ஆள் உயரத்துக்கு மேல.

48 மணி நேரம் கழிச்சு கீழ் வீட்டுக்குப் போய் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்லாப் நடுவுல ஒழுகுறது கம்மி. பைப் ஸ்லாப்ப துளைக்கிற எடத்த சுத்திதான் ஈர வளையம் தெரியும். பிவிசி வழவழன்னு இருக்குறதால கலவை புடிக்காது. தண்ணிய எறச்சு, காயவிட்டு, பைப்ப சுத்தி வெட்டி, உப்புத்தாள் தேச்சு, சுருங்காத குரௌட்டு ஊத்தி, திரும்ப ரெண்டு கோட்டு. காஞ்சதும் மறுபடி 48 மணி நேரம்.

ஆமாங்க, மறுபடி 165 லிட்டர்.