காசு குடுத்து வாங்குன பாட்டு கார்ல பாடாதா? 😤

வணக்கம் மக்களே! திருட்டுத்தனமா பாட்டு இறக்குறவன் பென்டிரைவ்ல ஏத்தி கடலூர்ல இருந்து பாண்டி வரைக்கும் அலறவிட்டுட்டு போறான், நெட்லயே பாட்டு ஓடவிடுற ஸ்ட்ரீமிங் ஆப்புக்கு மாசாமாசம் ஒழுங்கா காசு கட்டுறவன் ரெட்டிச்சாவடிகிட்ட சிக்னல் போயி எஃப்எம் தேடிட்டிருக்கான். இது என்னங்க நியாயம்?

நெட்ல பாட்டு வித்த வரலாறை வேகமா முடிச்சிடுவோம். 2003ல ஆப்பிள் ஐட்யூன்ஸ் ஸ்டோர் திறந்து பாட்டு 99 சென்ட்னு வித்துச்சு, கூடவே டிஆர்எம்னு ஒரு பூட்டு, அதாவது அவங்க அனுமதிச்ச இடத்தை தவிர வேற எதுலயும் பாட்டை பாட விடாது, 2009ல பூட்டை கழட்டிட்டாங்க, 2012 டிசம்பர்ல அந்த ஸ்டோர் இந்தியாவுக்கு வந்துச்சு. அவ்ளோதான்.

இப்ப வர்றதுதான் செம மேட்டர். மைக்ரோசாஃப்ட் எம்எஸ்என் மியூசிக்னு ஒரு கடை வச்சிருந்துச்சு, பூட்டுப்போட்ட பாட்டு. 2008ல என்ன சொன்னாங்க தெரியுமா, சாவி குடுக்குற சர்வரை நிறுத்தப்போறோம், அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் மாத்துனா நீங்க வாங்குன பாட்டு திறக்காதுன்னாங்க! சனங்க கத்துன கத்துல தேதியை தள்ளிவச்சாங்க. நம்ம ஊர்ல ஃப்ளிப்கார்ட் 2012ல ஃப்ளைட்னு ஒரு பாட்டுக்கடை ஆரம்பிச்சுது, அடுத்த வருஷம் ஜூன்லயே ஷட்டரை இறக்கிடுச்சு. ஆனா அது பூட்டில்லாத எம்பி3, அதனால அன்னைக்கு இறக்கி வச்சவங்ககிட்ட கடை போயும் பாட்டு இருக்கு. வித்தியாசம் புரியுதா?

இன்னைக்கு ஸ்ட்ரீமிங் ஆப்ல டவுன்லோட் பட்டன் இருக்கேன்னு கேப்பீங்க. அந்த ஃபைலை எடுத்து பென்டிரைவ்ல போட்டு பாருங்க, பேரே ஏதோ எண்ணும் எழுத்துமா கெடக்கும், எந்த பிளேயரும் தொடாது. ஸ்பாட்டிஃபைல 30 நாளைக்கு ஒருதடவையாச்சும் நெட்ல தலைகாட்டலன்னா டவுன்லோட் பண்ணதும் போச்சு. பாண்டி நேரு வீதில புடவை எடுத்துட்டு, மாசாமாசம் கடைக்கு கொண்டாந்து காட்டணும்மான்னு சொன்னா எங்க அத்தை அந்தக் கடையையே ரெண்டாக்கிடும்! நாம மட்டும் ஓகே ஓகேன்னு அமுக்கிட்டே இருக்கோம்.

சரி, ஐட்யூன்ஸ்ல நேரா வாங்கினேன். பூட்டில்லாத ஃபைல்தான், ஆனா எம்பி3 இல்ல, எம்4ஏங்கிற வேற ஃபார்மட். மாமாவோட பழைய கார்ல சொருகுனா ஸ்டீரியோ "அன்சப்போர்ட்டட்"னு காட்டுது, மாமா என்னைய ஒரு பார்வை பாத்தாரு பாருங்க... எம்பி3யா மாத்துனதுக்கப்புறம்தான் பாடுச்சு.

பேண்ட்கேம்ப்னு பாட்டு விக்கிற ஒரு சைட்ல எம்பி3, ஃப்ளாக்னு கேட்ட ஃபார்மட்ல தர்றாங்க, சுயாதீன கலைஞர்களுக்கு சூப்பர், ஆனா நம்ம சினிமா பாட்டுக்கு அங்க போய் பிரயோஜனமில்ல.

ஃப்ளைட்ல வாங்குன பாட்டு இன்னும் ஹார்டு டிஸ்க்ல வச்சிருக்கவங்க யாராச்சும் இருந்தா எந்தப் பாட்டுன்னு கமெண்ட்ல போடுங்க, பின் பண்றேன்!