பிளாஸ்டிக் பையில் வந்த பூதம்

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் நான் இந்தப் பேச்சை ஆரம்பித்தால் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் எழுந்து போனாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. வானொலியில் அது ஒரு வசதி.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு இது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "கதவை உதைக்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். கதவு உடைந்ததா, கால் உடைந்ததா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். தாயம் விழக் காத்திருந்தவர்களுக்கு அந்தப் படபடப்பைச் சொல்லித் தரவேண்டியதில்லை. இதில் முதலில் அச்சில் வந்தது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் உருவாக்கியது.

புதிதாகக் கதை நடத்த வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்கள். பாத்திரத்துக்கும் பூதத்துக்கும் எங்கே போவது? படத்திலிருந்து எடு, தொடரிலிருந்து எடு, காமிக்ஸிலிருந்து எடு. ஆனால் ஒரு துண்டு மட்டும் எடு. முழுசாக எடுக்காதே. இதை நான் இன்று இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கைகாக்ஸ் கதையைச் சொல்கிறேன். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர்க்காரர். சின்னச் சின்னப் படைவீரர் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடுகிற கூட்டம் அவருடையது. வீரனுக்குப் பொம்மை கிடைத்துவிடும், பூதத்துக்கு எங்கே போவது? ஒரு மலிவுக் கடையில் பிளாஸ்டிக் பொம்மைப் பை ஒன்று வாங்கினார். ஹாங்காங் சரக்கு. டைனோசர் பொம்மைகளோடு சேர்த்து விற்கிற ரகம், ஆனால் உள்ளே இருந்தவற்றில் சில எந்த விலங்கோடும் சேரவில்லை. நம் திருவிழாக் கடைகளில் பச்சைப் புலியும் ஊதா யானையும் தொங்குமே, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்றுக்கு வால் நுனியில் விசிறி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. செய்தவருக்கே அது என்னவென்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தப் பொம்மைக்குக் கைகாக்ஸ் ஒரு வேலை கொடுத்தார். இரும்பைத் தொட்டால் துருவாக்கும், துருவைத் தின்னும். ரஸ்ட் மான்ஸ்டர். நாம் துருப்பூதம் என்று வைத்துக்கொள்வோம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? மேசையில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வீரன் வேடம் போடுகிறவர் சாவுக்கு அஞ்ச மாட்டார். ஆனால் ஆறு மாதம் ஆடிச் சேர்த்த கவசம் ஒரே தொடலில் பொலபொலவென்று உதிர்ந்தால்? மனிதர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தே விடுவார். அதுவரை பின்னால் பதுங்கி நின்ற நோஞ்சான் மந்திரவாதி கையில் மரக்கட்டையோடு முன்னால் வருவார். அவரிடம் துருப்பிடிக்க ஒன்றும் இல்லையே! ஆந்தைத் தலையும் கரடி உடம்புமாக அவுல்பேர் என்று ஒரு மிருகம் உண்டு, அதுவும் அந்த மாதிரிப் பொம்மைதான். இரண்டும் 1975-ல் கிரேஹாக் என்ற துணைப் புத்தகத்தில் அச்சேறின. இன்றைக்கும் ஆட்டத்தில் இருக்கின்றன.

அந்தப் பொம்மைக்குக் கதை கிடையாது. அதனால்தான் நல்ல சரக்கு என்கிறேன். புகழ்பெற்ற கதையைத் தூக்கி வந்தால் முடிவு எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

என் அக்கா மகன் முதல் நாள் வந்தபோது, தனக்குப் பிடித்த சினிமா நாயகனை அப்படியே பாத்திரமாக எழுதிக்கொண்டு வந்தான். நடை, பேச்சு, மீசை எல்லாம் இருந்தது. கோட்டைக் கதவை உதைத்தான். பகடையில் ஒன்று விழுந்தது. தாயத்தில் கொண்டாடுவோம், இங்கே அதுதான் இருப்பதிலேயே மட்டமான எண். "மாமா, கை தவறி விழுந்துச்சு, இது செல்லாது!" மறுபடி உருட்டச் சொன்னேன். மறுபடியும் ஒன்று. படத்தில் கதவு உடைய வேண்டும் என்று இயக்குநர் முடிவு செய்கிறார். இங்கே அவர் இல்லை.

பையன் முகம் வாடிவிட்டது. "அவர்கிட்ட உனக்கு என்னடா பிடிக்கும்?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "யார்கிட்ட கடன் வாங்கினாலும் திருப்பிக் கொடுத்துட்டுதான் தூங்குவார்" என்றான். அதை மட்டும் வைத்துக்கொள், மீசையை விடு என்றேன். அடுத்த வாரம் அவன் பாத்திரம் ஊர் முழுக்கக் கடன்பட்ட ஒரு வாள்வீரன். எண்ணெய்க்காரருக்கு நாலு காசு, குதிரை லாயத்துக்குப் பத்து. ஐந்தாவது வாரம் பார்த்தால் அவனுக்குக் கடன் கொடுத்த ஒருவர் செத்துப்போயிருந்தார். இவன் விடுவானா? கல்லறைக்குள் இறங்கித்தான் கொடுப்பேன் என்றான். நான் கதையே யோசிக்கவில்லை, அவன் கடனே கதையைக் கொண்டுபோயிற்று.

ஒரு துண்டு போதும் என்று சொன்னேன் அல்லவா? ஆர்னசன் மினசோட்டாவில் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் ஒரு பாத்திரம் ரத்தக்காட்டேரியாகவே மாறிவிட்டது. யாராலும் அடக்க முடியவில்லை. அப்போது கைகொடுத்தவை ஹாமர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் பேய்ப்படங்கள். அவற்றில் நடிகர் பீட்டர் குஷிங் சிலுவையை நீட்டுவார், காட்டேரி பின்வாங்கும். எடுத்துக்கொண்டது அந்த ஒரு கையசைவைத்தான். படத்தில் அவர் டாக்டர், ஆட்டத்தில் பாதிரியார் ஆனார். கிளரிக் என்ற பாத்திர வகை அப்படித்தான் பிறந்தது.

அப்புறம், சாகசங்களை அமைப்பது பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதி வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடமாம். சரி, சுருக்கமாக. கொள்ளைப் படம் பார்த்தால் திட்டத்தை எடுக்காதீர்கள், கட்டடத்தை எடுங்கள். எத்தனை கதவு, சாவி யாரிடம், காவலாளி எத்தனை மணிக்கு டீக்குப் போவான். திட்டத்தை ஆடுகிறவர்கள் போடட்டும், அவர்களே கெடுத்தும் கொள்வார்கள். கைகாக்ஸ் தனக்குத் தூண்டுதலான புத்தகங்களை 1979-ல் ஒரு பட்டியலாகவே போட்டார், அதற்கு இன்று நேரமில்லை. பகடை வாங்கப் போகிறவர்கள் ஒன்று கூடுதலாக வாங்குங்கள். ஒன்று எப்படியும் பீரோவுக்கு அடியில் போய்விடும். வணக்கம்.