நம்ம நோயாளி எந்த வரிசையில? பெருந்தொற்றில் மருத்துவ ஆய்வுகளைப் பின்தொடரும் முறை

[திரையில்: 2020 ஜூன் 16 என்ற தேதி. பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை.]

இந்தத் தேதியில இங்கிலாந்துல இருந்து ஒரு செய்தி வந்தது. டெக்ஸாமெத்தசோன் கொரோனா நோயாளிகளோட உயிரைக் காப்பாத்துதுன்னு. செய்தி பொய் இல்லை. ரெக்கவரிங்கற அந்த ஆய்வு பெரிசு, ஒழுங்கா நடந்த ஆய்வு. மருந்தும் புதுசு இல்லை. தொண்டியில இருந்து ஏர்வாடி வரைக்கும் எந்த மருந்துக்கடையிலயும் கிடைக்கிற மலிவான ஸ்டீராய்டு. தலைப்பை மட்டும் படிச்சவங்க விட்டுட்டது ஒரே ஒரு கேள்வியைத்தான்: யாருக்கு?

[திரையில்: மூன்று வரிசை கொண்ட அட்டவணை. வரிசைகள் ஒவ்வொன்றாகத் தெரியும்.]

முதல் வரிசை, வென்டிலேட்டர்ல இருந்தவங்க. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள் மருந்து எடுத்தவங்கள்ல 28 நாளுக்குள்ள இறந்தது 29.3 சதவீதம். வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்சவங்கள்ல 41.4 சதவீதம். நூறு பேருக்குப் பன்னிரண்டு உயிர்னா அது சாதாரணம் இல்லை. ரெண்டாவது வரிசை, ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவங்க. 23.3, 26.2. நூத்துக்கு மூணு பேர்.

மூணாவது வரிசையைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. ஆக்சிஜனே தேவைப்படாதவங்க. மருந்து எடுத்தவங்கள்ல இறந்தது 17.8 சதவீதம், எடுக்காதவங்கள்ல 14.0. எண் திரும்பிடுச்சு. இது தற்செயலாவும் வந்திருக்கலாம். வயசைச் சரிக்கட்டி ரெண்டு பக்க இறப்பையும் ஒப்பிட்ட விகிதம் 1.19. 1னா ரெண்டும் சமம். அதோட நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான எண் இருக்கக்கூடிய எல்லை, 0.92ல இருந்து 1.55 வரை. அந்த இடைவெளிக்குள்ள 1 வந்துட்டா, கெடுதல் நிரூபணம் ஆயிடுச்சுன்னு சொல்ல முடியாது. ஆனா நன்மைன்னு சொல்ல இந்த வரிசையில எதுவுமே இல்லை.

இன்னொண்ணும் இருக்கு. இந்த மூணு வரிசையில இருந்தவங்க எல்லாருமே ஆஸ்பத்திரியில சேர்ந்தவங்க. தேவிபட்டினத்துலயோ கீழக்கரையிலயோ காய்ச்சலோட வீட்டுல படுத்திருக்கிறவர் இந்த அட்டவணையிலயே கிடையாது. அவருக்கு மூணாம் நாளே ஸ்டீராய்டு கொடுத்தா என்ன ஆகும்? சர்க்கரை ஏறும், எதிர்ப்புச் சக்தி இறங்கும். 2021ல ரெண்டாவது அலையில கரும்பூஞ்சை பரவினப்போ முன்னால நின்ன ரெண்டு காரணம், கட்டுப்படாத சர்க்கரையும் தேவையில்லாம கொடுத்த ஸ்டீராய்டும்.

அதனால இந்த வீடியோ முழுக்க ஒரே கேள்வியைத்தான் கையில வச்சுக்கப் போறோம். நம்ம முன்னால இருக்கிற நோயாளி இந்த ஆய்வுல எந்த வரிசையில இருக்கார்? ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர், செவிலியர், மருந்தாளுநர், எல்லாருக்கும் இது பொருந்தும்.

[திரையில்: "வாரம் ஒரு மணி நேரம்"]

வர்ற எல்லாத்தையும் படிக்கணும்னு நினைக்காதீங்க, அது யாராலயும் ஆகாது. புறநோயாளி வரிசை முடிஞ்சு வாரத்துல ஒரு மணி நேரம் ஒதுக்க முடிஞ்சாலே போதும்.

முதல் பத்து நிமிஷம் வழிகாட்டுதல்களுக்கு. உலக சுகாதார நிறுவனம் கொரோனா சிகிச்சைக்கு அடிக்கடி புதுப்பிக்கிற வழிகாட்டுதல் ஒண்ணு வச்சிருந்தது. அதுல ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்துல ரெண்டு விஷயம் இருக்கும்: பரிந்துரை வலுவானதா, நிபந்தனைக்கு உட்பட்டதா, ஆதாரம் எவ்வளவு உறுதி. பாம்பன் துறைமுகத்துல 1ஆம் எண் கூண்டு ஏத்தினா யாரும் ஊரைக் காலி பண்றதில்லை, அதே சமயம் அதைக் கண்டுக்காமலும் இருக்கிறதில்லை. அதே கண்ணோட இந்த உறுதி அளவைப் படிங்க. கூடவே ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், எய்ம்ஸ், மத்திய சுகாதார அமைச்சகம் சேர்ந்து வெளியிட்டதையும், தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறையோட நெறிமுறையையும் பாருங்க. தேதியை முதல்ல பாருங்க. பழைய பதிப்புதான் போன்ல அதிகமா சுத்தும்.

அடுத்த இருபது நிமிஷம் பப்மெட். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தோட இலவசத் தேடல் தளம். கோவிட்னு மட்டும் தட்டினா லட்சக்கணக்குல வந்து கொட்டும். மருந்தோட கம்பெனிப் பேரைத் தட்டினா ஒண்ணும் உருப்படியா வராது, மூலப்பேர்தான் போடணும். நோய், மருந்து, விளைவு, மூணையும் போட்டு நடுவுல ஆங்கிலத்துல பெரிய எழுத்துல ஆண்ட் போடுங்க. இடது பக்க வடிகட்டியில ரேண்டம் சோதனை (குலுக்கல் முறையில குழு பிரிச்சு ஒப்பிடுறது), தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைக் கூட்டிப் பார்க்கிறது), இலவச முழுக்கட்டுரை, இந்த மூணையும் டிக் பண்ணுங்க. கணக்கு ஒண்ணு திறந்து தேடல் பெட்டிக்குக் கீழ இருக்கிற அலர்ட்டை வாரம் ஒருமுறைன்னு வச்சுட்டா, அடுத்த வாரத்துல இருந்து பட்டியல் மெயிலுக்கே வந்துடும். தினமும்னு வைக்காதீங்க. நாலாம் நாள்ல இருந்து திறக்கவே மாட்டீங்க.

மிச்சம் அரை மணி நேரத்துல ஒரே ஒரு கட்டுரையை ஒழுங்காப் படிங்க. சுருக்கத்தை இல்லை, அட்டவணைகளை.

[திரையில்: 26 மனித உருவங்கள். ஆறு மட்டும் மங்கிப் போகின்றன.]

ஏன் அட்டவணை? 2020 மார்ச்ல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்ங்கற மலேரியா மருந்தைப் பத்தி பிரான்ஸ்ல இருந்து ஒரு ஆய்வு வந்தது, ஞாபகம் இருக்கலாம். கணக்குல காட்டினது 36 பேர், மருந்து கொடுக்காத ஒப்பீட்டுக் குழு 16 பேரையும் சேர்த்து. ஆனா மருந்து கொடுக்க ஆரம்பிச்சது 26 பேருக்கு, முடிவுல எண்ணினது 20 பேரை மட்டும். அந்த ஆறு பேர் எங்க? மூணு பேர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனாங்க, ஒருத்தர் இறந்தார், ஒருத்தர் ஆஸ்பத்திரியை விட்டுப் போயிட்டார், ஒருத்தர் குமட்டல் தாங்காம நிறுத்தினார். மோசமானவங்களை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறவங்க நல்லாத்தானே இருப்பாங்க! போதாததுக்கு, அவங்க அளந்தது உயிர் பிழைச்சாங்களான்னு இல்லை, ஆறாம் நாள் மூக்குச் சளி மாதிரியில வைரஸ் இருக்கான்னு. பிறகு ரெக்கவரி ஆய்வுல 1,561 பேருக்கு அதே மருந்தைக் கொடுத்து, கொடுக்காத 3,155 பேரோட ஒப்பிட்டாங்க. இறப்பு 27.0 சதவீதம், 25.0 சதவீதம். பலன் இல்லை. அந்த முதல் கட்டுரையைத் திரும்பப் பெற 2024 டிசம்பர் வரைக்கும் ஆச்சு.

அதனால சேர்த்தவங்க எத்தனை, எண்ணினவங்க எத்தனைன்னு முதல்ல கழிச்சுப் பாருங்க. வித்தியாசத்துக்குக் காரணம் எழுதியிருக்கான்னு தேடுங்க. அப்புறம், முதன்மை விளைவுன்னு, அதாவது முக்கியமா அளக்கப் போற விஷயம்னு எதைச் சொல்றாங்க? அதை ஆய்வு தொடங்குறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணினாங்களா? இந்தியாவுல நடக்கிற சோதனைகளுக்கு சிடிஆர்ஐங்கற பதிவேடு இருக்கு. கட்டுரையில இருக்கிற பதிவு எண்ணை அங்க போட்டா, முதல்ல என்ன அளக்கறதா சொன்னாங்கன்னு தெரியும். பாதியில விளைவை மாத்தியிருந்தா அங்கயே பிடிபடும்.

[திரையில்: மெட்ஆர்கைவ் பக்கம். மேலே எச்சரிக்கை வரி வட்டமிடப்படுகிறது.]

முன்பதிப்புகள் பத்தி. 2019ல ஆரம்பிச்ச மெட்ஆர்கைவ் மாதிரி தளங்கள்ல, மத்த நிபுணர்கள் சரிபார்க்கிறதுக்கு முன்னாடியே கட்டுரை வெளியாகும். சிகிச்சையை இதை வச்சு முடிவு பண்ணாதீங்கன்னு தளமே எழுதி வச்சிருக்கு. அதுக்காக ஒதுக்கித் தள்ளவும் முடியாது. டெக்ஸாமெத்தசோன் முடிவுகள் முதல்ல ஜூன் 16ல பத்திரிகைச் செய்தி, 22ல மெட்ஆர்கைவ், ஜூலை 17லதான் மருத்துவ இதழ். முன்பதிப்பைப் படிச்சா பதிப்பு எண்ணைக் குறிச்சு வைங்க. இதழ்ல வந்துட்டா தலைப்புக்குக் கீழயே அந்த இணைப்பு இருக்கும். ரெண்டையும் ஒப்பிட்டா எண்கள் மாறியிருக்கிறது அபூர்வம் இல்லை.

சரிபார்த்து வெளியானது எல்லாம் சுத்தம்னும் நம்பிடாதீங்க. 2020 மே 22ல லான்செட் மருத்துவ இதழ்ல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பத்தி 671 ஆஸ்பத்திரி, 96,032 நோயாளிகள்னு ஒரு பிரமாண்டமான கட்டுரை வந்தது. மூலத் தரவைக் காட்டச் சொன்னப்போ காட்ட முடியலை. ஜூன் 4ல திரும்பப் பெற்றாங்க. ஐவர்மெக்டின்ங்கற பூச்சி மருந்துல வேற மாதிரி ஆச்சு: ஒரு முன்பதிப்பு 2021 ஜூலையில விலக்கப்பட்டப்போ, அதைச் சேர்த்துக் கூட்டின தொகுப்பாய்வுகளும் ஆட்டம் கண்டுச்சு. தொகுப்பாய்வுல எந்த ஒரு ஆய்வு மட்டும் முடிவை இழுத்துட்டுப் போகுதுன்னு படத்துல பாருங்க. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன? 2022ல வெளியான டுகெதர் சோதனையில 1,358 பேர்ல ஐவர்மெக்டின் ஆஸ்பத்திரிச் சேர்க்கையைக் குறைக்கலை.

இங்கதான் வாட்ஸ்அப் பிடிஎஃப் ஆபத்து. இணையத்துல கட்டுரையைத் திரும்பப் பெற்றுட்டா அந்தப் பக்கத்துல பெரிசா எழுதிடுவாங்க. உங்க போன்ல இறக்கி வச்ச கோப்புக்கு அது தெரியாது. யாருக்காவது அனுப்புறதுக்கு முன்னாடி தலைப்பைப் பப்மெட்ல ஒருமுறை போட்டுப் பாருங்க, பத்து விநாடி வேலை.

[திரையில்: விரலில் பல்ஸ் ஆக்ஸிமீட்டர். எண் 94.]

கடைசியா, நம்ம ஆள் எந்த வரிசையிலயுமே இல்லாத சமயம். இது நம்ம கடற்கரைக்கு ரொம்ப முக்கியம்.

2020 டிசம்பர்ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு. ரத்தத்துல ஆக்சிஜன் அளவை ஆக்ஸிமீட்டர் 92ல இருந்து 96 சதவீதம்னு காட்டுது, ஆனா ரத்தக்குழாய்ல இருந்து எடுத்துப் பார்த்தா 88க்குக் கீழ. இப்படி ஏமாத்தினது வெள்ளை இன நோயாளிகள்ல 3.6 சதவீத அளவீடுகள்ல, கருப்பின நோயாளிகள்ல 11.7 சதவீதத்துல. கருத்த தோல்ல கருவி எண்ணைக் கூட்டிக் காட்டுது. வெயில்ல கருத்த நம்ம மீனவர்கள் அந்த ஆய்வுல இல்லை. 11.7ங்கற எண்ணை அப்படியே இங்க கொண்டுவந்து ஒட்ட முடியாது. எந்தப் பக்கம் தப்பு வரும்ங்கறது மட்டும் நமக்குப் பயன்படும்.

ஆகவே 94ஆ 93ஆன்னு ஒரு எண்ணுல தொங்காதீங்க. கடல்பாசி எடுத்துட்டு வந்த கை ஈரமா, சில்லுன்னு இருந்தா முதல்ல துடைச்சுச் சூடாக்குங்க. மருதாணி, நகப்பூச்சு இருந்தா வேற விரல் பாருங்க. அஞ்சு நிமிஷம் உட்கார வச்சு, எண் நிலைச்சப்புறம் எழுதுங்க. அவரோட காலை எண்ணோடயே சாயங்கால எண்ணை ஒப்பிடுங்க. மூச்சு நிமிஷத்துக்கு எத்தனைன்னு முழு நிமிஷம் எண்ணுங்க. இந்திய வழிகாட்டுதல்ல 24ம் அதுக்கு மேலயும் போனா மிதமான நோய். ராமேஸ்வரத்துல இருந்து பாலம் தாண்டி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 55 கிலோமீட்டர். மதுரையில ஒரு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கிறவருக்குக் காத்திருக்க நேரம் இருக்கு, தீவுல இருக்கிறவருக்கு இல்லை. ஆய்வு சொல்ற எல்லையை இங்க கொஞ்சம் முன்னாடியே இழுத்துக்கிறது தப்பில்லைன்றது எங்க அபிப்பிராயம்.

நம்ம நாட்டு ஆய்வுன்னா வரிசை பொருத்தறது சுலபம். குணமானவங்க ரத்தத்துல இருந்து எடுக்கிற பிளாஸ்மாவை ஏத்துற சிகிச்சைக்கு 2020ல ஊரே அலைஞ்சது. அப்பவே ஐசிஎம்ஆர் இந்தியாவுல 39 ஆஸ்பத்திரியில 464 பேர்கிட்ட சோதிச்சது. நோய் முத்தினவங்களும் இறந்தவங்களும் சேர்த்து பிளாஸ்மா குழுவுல 19 சதவீதம், மத்த குழுவுல 18. அக்டோபர்லயே இதழ்ல வந்துடுச்சு. வழிகாட்டுதல்ல இருந்து பிளாஸ்மாவை எடுத்தது 2021 மே மாசம். நடுவுல அந்த ஏழு மாசம் பிளாஸ்மா தானத்துக்கு ஓடினவங்க எத்தனை பேர்னு யோசிச்சுப் பாருங்க.

[திரையில்: மருந்தறைச் சுவரில் ஒட்டிய சிகிச்சைத் தாள்.]

படிச்சதை நடைமுறைக்குக் கொண்டுவர்றப்போ ஒரு நோட்டு போதும். தேதி, எந்த வழிகாட்டுதல், எத்தனையாவது பதிப்பு, எந்த வரிசை நோயாளிக்கு, மறுபடி எப்போ பார்க்கணும். சிகிச்சையை மாத்தறது டாக்டரோட கையெழுத்தோடதான், குழுவுல வந்த செய்தியை வச்சு இல்லை. சுவர்ல ஒட்டுற தாள்ல மேல பெரிசாத் தேதி எழுதுங்க. புதுசை பழசு மேலயே ஒட்டாதீங்க. காத்துல மேல்தாள் பிரிஞ்சா, இரவுப் பணிக்கு வர்றவர் கீழ இருக்கிற பழைய அளவைப் படிச்சுக் கொடுத்துடுவார். பழசைக் கிழிச்சு எடுத்துட்டு ஒட்டுங்க.