டீசல் கேஜில் முள் பாதியில் நின்றால் டேங்கில் பாதி டீசல் இருக்கிறதா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். விசைப்படகுகளின் மின் இணைப்புகளைப் பற்றிச் சென்ற காணொளியில் பேசியிருந்தோம். அதைப் பார்த்த நாகப்பட்டினத்துப் படகு உரிமையாளர் ஒருவர் நீண்ட கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருடைய படகில் இன்ஜின் அறையின் இரு பக்கங்களிலும் இரும்பு டேங்குகள் உள்ளன. குச்சி விட்டு அளப்பதை நிறுத்திவிட்டு, படகை ஓட்டும் அறையான வீல் ஹவுஸிலேயே டீசல் அளவு தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு கேஜ் பொருத்தியிருக்கிறார். முள் முழு அளவிலிருந்து பாதிக்கு வர வெகு நேரம் ஆகிறது, பாதியிலிருந்து காலிக்கு மட்டும் மளமளவென்று இறங்கிவிடுகிறது. ஒருமுறை டேங்க் ஏறக்குறைய காலியான நிலையிலும் முள் முழு அளவிலேயே நின்றிருக்கிறது. கேஜ் பழுதா, இதைக் கழற்றிவிட்டு, குழாயில் ஓடும் டீசலை அளக்கும் ஃப்ளோ மீட்டர் பொருத்தினால் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்.

ஐயா, நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் கேஜ் பெரும்பாலும் பழுதாகவில்லை. அது டேங்கில் டீசல் எவ்வளவு உயரத்திற்கு நிற்கிறது என்பதைத்தான் காட்டுகிறது, நீங்களோ அதை லிட்டராக எடுத்துக்கொள்கிறீர்கள். படகின் பக்கவாட்டு வளைவை ஒட்டிச் செய்யப்படும் டேங்குகள் மேலே அகலமாகவும் அடியில் குறுகியும் இருக்கும். கணக்கு எளிதாக இருப்பதற்காக முழுவதும் ஆப்பு வடிவில் அமைந்த ஒரு டேங்கை எடுத்துக்கொள்வோம். அதன் ஆழம் 1 மீட்டர், மேல் அகலம் 80 சென்டிமீட்டர், நீளம் ஒன்றரை மீட்டர் என்றால் அதன் மொத்தக் கொள்ளளவு 600 லிட்டர். டீசல் பாதி உயரத்தில் நிற்கும்போது அந்த இடத்தில் அகலமும் பாதியாகக் குறைந்து 40 சென்டிமீட்டர் ஆகிவிடுவதால், டேங்கில் இருப்பது 150 லிட்டர்தான். கால்வாசி உயரத்தில் வெறும் முப்பத்தேழரை லிட்டர். மணிக்கு 20 லிட்டர் எரிக்கும் இன்ஜினுக்கு, பாதி என்று முள் காட்டும்போது 15 மணி நேரத்திற்கு டீசல் இருப்பதாக நீங்கள் நினைப்பீர்கள், உண்மையில் ஏழரை மணி நேரத்திற்குத்தான் இருக்கும். உங்கள் டேங்க் இவ்வளவு கூர்மையாக இருக்காது, வித்தியாசமும் இதைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் எந்தக் கடையில் வாங்கிய கேஜுக்கும் உங்கள் டேங்கின் வடிவம் தெரியாது என்பதால், அதை லிட்டரில் அளந்து குறித்து வைக்கும் வேலை உங்களுடையது.

அந்த வேலையை எப்படிச் செய்வது என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொருத்துபவர்கள் பெரும்பாலும் இதைச் செய்யாமலேயே கூலி வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கிறோம் அல்லவா, டேங்கை வடித்துச் சுத்தம் செய்வதற்கும், டேங்கிற்குள் மிதவையோடு இருந்து டீசல் மட்டத்தைக் கேஜுக்குத் தெரிவிக்கும் யூனிட்டைப் பொருத்துவதற்கும் அதுவே ஏற்ற சமயம். ஆனால் அளவு குறிப்பதைக் கரையில் வைத்துச் செய்ய வேண்டாம். கரையில் படகு ஒரு பக்கம் சாய்ந்தோ, அணியம் எனப்படும் முன்பகுதி உயர்ந்தோ நிற்கும். படகைத் தண்ணீரில் இறக்கி, வழக்கமான சாமான்களுடன் அது நேராக மிதக்கும்போது, காலி டேங்கில் 50 லிட்டர் 50 லிட்டராக ஊற்றுங்கள். ஒவ்வொரு முறையும் டீசல் அடங்கும் வரை சற்றுப் பொறுத்து, முள் நிற்கும் இடத்தையும், யூனிட்டின் மின்தடை மல்டிமீட்டரில் எத்தனை ஓம் காட்டுகிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஓம் அளக்கும்போது கேஜுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும், இல்லாவிட்டால் தவறான எண்ணே கிடைக்கும். இப்படி எழுதிய அட்டவணையை ஒரு தகட்டில் பொறித்துக் கேஜின் பக்கத்தில் ஒட்டிவிட்டால் போதும். டேங்கின் வடிவத்தைப் பதிவு செய்துகொள்ளும் டிஜிட்டல் கேஜ்களும் கிடைக்கின்றன, அவற்றில் இந்த எண்களையே உள்ளிடலாம்.

அடுத்ததாக, காலியான டேங்கிற்கு முள் முழு அளவைக் காட்டியது ஏன் என்பதைப் பார்ப்போம். சந்தையில் கிடைக்கும் டேங்க் யூனிட்டுகளில் இரண்டு முறைகள் அதிகம் புழங்குகின்றன. அமெரிக்க முறையில் டேங்க் காலியாக இருக்கும்போது 240 ஓம், நிறைந்திருக்கும்போது 33 ஓம். ஐரோப்பிய முறையில் காலிக்கு 10 ஓம், நிறைவுக்கு 180 ஓம். கேஜும் யூனிட்டும் ஒரே முறையைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும், ஒன்றை இதிலும் மற்றதை அதிலும் வாங்கினால் முள் தலைகீழாக நகரும். உங்கள் கேஜ் மற்ற நேரங்களில் ஒழுங்காக இறங்குவதால் இரண்டும் பொருந்தித்தான் இருக்கின்றன. எனவே, அது 10–180 முறையைச் சேர்ந்ததாகவும், அன்று ஒயர் இணைப்பு எங்கோ விட்டுப் போயிருந்ததாகவும் நான் கருதுகிறேன். அந்த முறையில் மின்தடை கூடக்கூட முள் நிறைவை நோக்கி ஏறுவதால், ஒயர் அறுந்தாலும் துருவேறிக் கழன்றாலும் டேங்க் நிறைந்திருப்பதாகவே காட்டும். 240–33 முறையில் ஒயர் அறுந்தால் முள் காலிக்குப் போய்விடும். கடலுக்குப் போகும் படகுக்குப் புதிதாக வாங்குபவர்கள் 240–33 வகையையே வாங்குங்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். பழுதடையும் கருவி பயமுறுத்தினால் பாதகமில்லை, தைரியம் சொல்லக் கூடாது.

இதை நீங்களே சோதித்துக்கொள்ளலாம். சுவிட்சைப் போட்டு, டேங்க் யூனிட்டில் இருக்கும் சிக்னல் ஒயரைக் கழற்றுங்கள். முள் முழு அளவுக்கு ஏறினால் நான் சொன்ன 10–180 முறைதான். அதே ஒயரைப் பேட்டரியின் நெகடிவ் இணைப்பில் தொட்டால் முள் காலிக்கு இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் கேஜும் அதுவரை வரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு யூனிட்டிலோ அதன் எர்த் இணைப்பிலோ உள்ளது. இந்தச் சோதனையை டீசல் டேங்கில் மட்டும், அதுவும் மூடிகள் எல்லாம் மூடியிருக்கும்போது செய்யுங்கள். பெட்ரோல் டேங்கின் அருகே ஒயரை உரசிப் பார்க்கும் பேச்சே வேண்டாம்.

எர்த் என்றவுடன் ஒன்றைச் சொல்ல வேண்டும். டேங்க் இரும்பு, அது இன்ஜினோடு தொட்டுக்கொண்டிருக்கிறது, அதுவே எர்த் ஆகிவிடும் என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். உப்புக் காற்றில் ஆறு மாதத்தில் அந்தத் தொடர்பில் துரு ஏறிவிடும். ஒரு இணைப்பில் துருவினால் 20 ஓம் கூடுகிறது என்று வைத்துக்கொண்டால், 240–33 யூனிட்டின் மொத்த வீச்சே 207 ஓம் என்பதால், கேஜ் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பொய் சொல்லும். ஆகையால் யூனிட்டின் விளிம்பிலிருந்து நெகடிவ் இணைப்புப் பட்டைக்குத் தனி ஒயர் இழுத்துவிடுங்கள். ஒயர் வெள்ளீயம் பூசிய செம்பாக இருக்கட்டும். முனைகளை முறுக்கி டேப் சுற்றாமல், டெர்மினலில் வைத்து அழுத்தி கிரிம்ப் செய்து, சூட்டில் சுருங்கும் உறை போடுங்கள். கேஜுக்குப் போகும் பாசிட்டிவ் ஒயரில் சிறிய ஃபியூஸ் ஒன்று அவசியம். உங்கள் படகு 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பார்த்த பிறகே கேஜ் வாங்குங்கள்.

யூனிட்டை டேங்கின் நீளத்திலும் அகலத்திலும் நடுப்பகுதியில் பொருத்த வேண்டும். ஓரத்தில் பொருத்தினால், படகு வேகமெடுத்து அணியம் உயரும்போது டீசல் பின்பக்கம் சேர்ந்து அளவு மாறித் தெரியும். கைபோல ஆடும் மிதவையைவிட, நெட்டுக்குத்தான குழாய்க்குள் மேலும் கீழும் நகரும் காந்த மிதவை கடலுக்கு ஏற்றது, ஏனெனில் அந்தக் குழாயின் சிறு துளைகள் வழியே டீசல் மெதுவாகவே ஏறி இறங்குவதால் படகின் ஆட்டம் முள்ளில் தெரிவதில்லை. குழாயின் நுனி டேங்கின் அடியில் இடிக்காமல் இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். துளை போடுவதற்கு டேங்கின் மூடித் தகட்டைக் கழற்றி, படகுக்கு வெளியே கொண்டுபோய்த் துளையிடுவதே பாதுகாப்பு. டீசல்தானே, பற்றாது என்று சிலர் டேங்கின் மேலேயே வெல்டிங் வைக்கிறார்கள். நம் நாட்டு டீசலுக்கான தரக்கட்டுப்பாடு வரையறுக்கும் குறைந்தபட்சத் தீப்பற்று நிலையே, அதாவது டீசல் ஆவி நெருப்புப் பட்டால் பற்றும் வெப்பநிலையே 35 டிகிரி செல்சியஸ்தான், நம் இன்ஜின் அறைகளோ மே மாதத்தில் சும்மா இருக்கும்போதே அதைத் தாண்டிவிடும். யூனிட்டின் விளிம்பில் உள்ள ஐந்து துளைகளும் சம இடைவெளியில் இருப்பதில்லை, யூனிட் ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். பொருந்தவில்லையே என்று துளைகளைப் பெரிதாக்கினால் டீசல் கசியும், யூனிட்டைத் திருப்பிப் பாருங்கள்.

உங்களுக்கு இரண்டு டேங்குகள் இருப்பதால், இரண்டிலும் ஒவ்வொரு யூனிட் பொருத்தி, மாற்று சுவிட்ச் ஒன்றின் மூலம் ஒரே கேஜில் பார்க்கலாம். இரண்டு ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி இணைத்தால் வரும் எண் எந்த டேங்கிற்கும் சொந்தமில்லாத எண்ணாக இருக்கும். மேலும், இன்ஜின் எந்த டேங்கிலிருந்து டீசலை இழுக்கிறதோ எரியாத டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனும் அதே டேங்கிற்குப் போகிறதா என்பதைக் கவனியுங்கள். இடப்புற டேங்கிலிருந்து இழுத்து வலப்புற டேங்கில் விடும்படி வால்வுகள் இருந்தால், ஒன்று வேகமாக இறங்கும், மற்றொன்று ஏறும். அதைப் பார்த்துவிட்டுக் கேஜைக் குறை சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி ஃப்ளோ மீட்டர். டேங்கில் எவ்வளவு மீதம் இருக்கிறது என்பது கேஜ் சொல்லும் செய்தி, இன்ஜின் இப்போது மணிக்கு எவ்வளவு எரிக்கிறது என்பது ஃப்ளோ மீட்டர் சொல்லும் செய்தி. எனவே ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது. டேங்க் ஒழுகினால் ஃப்ளோ மீட்டருக்குத் தெரியாது. டீசல் இன்ஜினில் இன்னொரு சிக்கலும் உள்ளது. பம்ப் இழுக்கும் டீசல் முழுவதும் எரிவதில்லை, மிச்சம் டேங்கிற்கே திரும்புகிறது. ஆகவே போகும் வழியில் ஒரு மீட்டரும் திரும்பும் வழியில் ஒரு மீட்டருமாக இரண்டு தேவை, அவற்றின் வித்தியாசமே எரிந்த அளவு. மணிக்கு 60 லிட்டர் போய் 40 லிட்டர் திரும்பினால் எரிவது 20. இரு மீட்டர்களும் நூற்றுக்கு இரண்டு வீதம் எதிரெதிர்த் திசையில் பிசகினால், 1.2 லிட்டரும் 0.8 லிட்டரும் சேர்ந்து 2 லிட்டர் பிழையாகும், அதாவது எரிந்த அளவில் பத்து சதவீதம். போதாக்குறைக்குத் திரும்பும் டீசல் சூடாக வருகிறது. அது 30 டிகிரி கூடுதல் வெப்பத்தில் இருந்தால் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் விரிந்திருக்கும், ஆகவே 40 லிட்டர் 41 என்று பதிவாகும். வெப்பநிலைத் திருத்தம் உள்ள ஜோடி மீட்டர்களாக வாங்கினால்தான் செலவழித்த பணத்திற்குப் பொருள் உண்டு. முதல் மீட்டரை நீர் பிரிக்கும் ஃபில்டருக்குப் பிறகு வையுங்கள். அதை ஒட்டி ஒரு பைபாஸ் வால்வும் கட்டாயம் வேண்டும், மீட்டர் அடைத்துக்கொண்டால் நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிடக் கூடாது. ஒரு மீட்டரோடு முடித்துக்கொள்வதற்காக ரிட்டர்ன் லைனை இழுக்கும் குழாயிலேயே சேர்த்துவிடும் பழக்கத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன், சூடான டீசலும் காற்றும் அந்தக் குழாய்க்குள்ளேயே சுற்றிவரும். கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரெயில் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. எரியும் அளவை இன்ஜினே கணக்கிட்டு வைத்திருக்கிறது, அதை, படகுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் என்.எம்.இ.ஏ. 2000 என்ற இணைப்பின் வழியே திரையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஃப்ளோ மீட்டரால் கிடைக்கும் உண்மையான பயன், எந்த ஆர்.பி.எம்.மில் எவ்வளவு எரிகிறது என்ற அட்டவணைதான். சுழலி (புரொப்பெல்லர்) உறிஞ்சும் சக்தி, சுழலும் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், ஆர்.பி.எம்.மைப் பத்து சதவீதம் குறைத்தால் இன்ஜின் சுமை ஏறக்குறைய 27 சதவீதம் குறையும். படகின் வேகம் பத்து சதவீதம் அளவில் குறைவதால் பயண நேரம் கூடினாலும், கடல் மைலுக்கு எரியும் டீசல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மிச்சமாகும். இது ஓட்டத்திற்கான கணக்கு, வலை இழுக்கும்போது தனி அட்டவணை போடுங்கள். அதே ஆர்.பி.எம்.மில் அதே கடலில் முன்பைவிடக் கூடுதலாக எரிந்தால், அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஏறியிருக்கின்றன அல்லது சுழலியில் கயிறு சுற்றியிருக்கிறது என்று பொருள். விசைப்படகுகளுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்த வரிவிலக்கு டீசலை 19,000 லிட்டராக உயர்த்துவதாகத் தமிழ்நாடு அரசு 2023-இல் அறிவித்தது. அதற்கு மேல் ஆகும் ஒவ்வொரு லிட்டரையும் முழு விலையில் வாங்குபவர்களுக்கு இந்த அட்டவணையின் அருமை தெரியும்.

ஆகவே ஐயா, முதலில் ஒயரையும் எர்த்தையும் சரிசெய்து, அளவு குறித்து, இருக்கும் கேஜையே பயன்படுத்துங்கள். போக மூன்றில் ஒன்று, வர மூன்றில் ஒன்று, கைவசம் மூன்றில் ஒன்று என்ற பழைய கணக்கை முள்ளை வைத்துப் போடாமல் உங்கள் லிட்டர் அட்டவணையை வைத்துப் போடுங்கள். அளவைப் படகு ஓடும்போது பார்க்காமல், நின்று மிதக்கும்போது பாருங்கள். குறைந்த அளவு எச்சரிக்கை மணியைச் சற்று உயரத்திலேயே ஒலிக்கும்படி அமையுங்கள், ஏனென்றால் கடல் குலுங்கும்போது டேங்கில் டீசல் இருந்தும் இழுக்கும் குழாயின் வாய் வெளியே தெரிந்துவிட்டால் இன்ஜினில் ஏர் பிடித்துக்கொள்ளும். குச்சியையும் எறிந்துவிட வேண்டாம், மாதம் ஒருமுறை கேஜோடு ஒப்பிட அது வேண்டும்.

கண்ணாடியிழைப் படகில் வெளிப்பொருத்து இன்ஜின் வைத்திருப்பவர்கள் சிலரும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். கையில் தூக்கும் சிறிய டேங்க் என்றால், உள்ளே இருப்பது வெளியே தெரியும் என்பதால் கேஜ் தேவையில்லை. பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் ரிட்டர்ன் லைன் டேங்க் வரை வருவதில்லை, ஆகவே எவ்வளவு எரிகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினால் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் இடையில் ஒரே ஒரு ஃப்ளோ மீட்டர் போதுமானது.